தண்ணீர் தாங்கும் பாரம்

கிணறுகளில் தண்ணீர் ததும்பிக் கிடந்த காலத்தில், முதுகில் சுரைக்குடுக்கையும் இடுப்பில் கயிறுமாக எட்டு வயதில் நீச்சல் பழகிய நான், உத்தியோகத்தின் பொருட்டுப் பட்டணத்துக்கு வந்து முப்பத்தைந்து வருஷ காலம் எந்த நீர்நிலையிலும் இறங்காமலே இருந்துவிட்டு, ஐம்பத்திரண்டாம் வயதில் ஒரு நீச்சல் குளத்தின் ஆழம் குறைந்த பக்கத்தில் போய் நின்றபோது, இளமையில் கற்றது எங்கே போய்விடும் என்ற தைரியத்தோடுதான் நின்றேன். கற்றது போகவில்லை என்பது மெய்யே. கையும் காலும் தம் வேலையைத் தாமே செய்யத் தொடங்கின. ஆனால் இருபது முழம் போவதற்குள் மார்பு அடைத்தது, மூச்சு இரைத்தது, கால்கள் இரண்டும் கல் கட்டியவை போல் கீழே இறங்கிவிட்டன.

சரீரம் ஒருமுறை பழகிக்கொண்ட வித்தைகளைச் சிறுமூளையும் அதனோடு சேர்ந்த மூளைப் பகுதிகளும் நெடுங்காலம் காத்து வைத்திருக்கின்றன. சைக்கிள் ஓட்டக் கற்றவர் மறப்பதில்லை என்பதற்கும் அதுவே காரணம். என் விஷயத்தில் தடையாக நின்றது மறதி அன்று, ஞாபகமே. கிணற்றுப் படியில் நின்றுகொண்டு என் சித்தப்பா கொடுத்த உபதேசம் ஒன்றே ஒன்று: “தலைய மேல வெச்சுக்கடா!” எதிர்ப்படியை எட்டிப் பிடித்தால் போதும் என்ற அளவில், இருபதடி அகலக் கிணற்றில், இலேசான பிள்ளைச் சரீரத்துக்கு அது சரியான உபதேசந்தான். நீண்டு கனத்த கால்களையுடைய வளர்ந்த மனிதனுக்கு அதுவே விலங்காகிவிடுகிறது.

மனித சரீரம் ஏறத்தாழத் தண்ணீரின் கனமே உடையது. எலும்பும் தசையும் தண்ணீரைவிடக் கனம், கொழுப்பு இலேசு, இவற்றுக்கிடையே தராசை இப்படியும் அப்படியும் சாய்ப்பது நுரையீரல். மூச்சை முழுவதும் இழுத்த நிலைக்கும் முழுவதும் விட்ட நிலைக்கும் இடையே வளர்ந்தவர்களிடம் 4 முதல் 5 லிட்டர் வரை காற்று வித்தியாசப்படும்; ஒரு பொருள் எவ்வளவு நீரை விலக்குகிறதோ அவ்வளவு நீரின் எடைக்குச் சமமான பலத்தோடு அது மேலே தள்ளப்படும் என்று ஆர்க்கிமிடீஸ் கண்ட நியதிப்படி, அந்தக் காற்று ஒன்றே நாலைந்து கிலோ பாரத்தைத் தாங்கிவிடும். ஆகவே மார்பு நிறையக் காற்றோடு அசையாமல் கிடந்தால் பெரும்பாலோர் மிதக்கவே செய்வர். கடலில் உப்பினால் நீரின் கனம் நூற்றுக்கு இரண்டரைப் பங்கு கூடுவதால் அங்கே இன்னும் சுலபம்.

ஆனால் காற்றுப் பை இருப்பது மார்பில். கனம் மிகுந்திருப்பதோ இடுப்பிலும் கால்களிலும். இந்த நிலையில், ஏறத்தாழ ஐந்து கிலோ எடையுள்ள தலையை நீருக்கு வெளியே தூக்கினால், அதுவரை தண்ணீர் சுமந்துகொண்டிருந்த பாரம் முழுவதும் நம் கழுத்துக்கு வந்துவிடுகிறது. ஏற்றத்தின் ஒரு முனை உயர்ந்தால் மறுமுனை தாழ்வதுபோலக் கால்கள் தாழ்கின்றன. அப்புறம் நீந்துவது என்பது, காற்றைக் காட்டிலும் சுமார் 800 மடங்கு அடர்ந்த தண்ணீரை மார்பு முதல் பாதம் வரை முட்டித் தள்ளுகிற வேலையாக முடிகிறது. 1875ஆம் வருஷம் மாத்யூ வெப் என்ற கப்பல் தலைவர் தலையைத் தூக்கி நீந்தும் அக்காலத்து மார்பு நீச்சலிலேயே இங்கிலீஷ் கால்வாயை 21 மணி 45 நிமிஷத்தில் கடந்தார் என்றால், அது அவருடைய அசாதாரணமான தேகபலத்துக்கு உரிய பெருமை.

எனக்குக் கற்பித்த இளைஞர் கைவீச்சைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. “சார், எதுக்க பாக்காதீங்க, கீழ டைல்ஸப் பாருங்க” என்றார். பிடரி தளர்ந்து முகம் நீருக்குள் கவிழ்ந்த அந்தக் கணத்தில், பின்னால் யாரோ தூக்கிவிட்டதுபோல என் குதிகால்கள் மேலே வந்து காற்றைத் தொட்டதை நான் உணர்ந்தேன். அரை நூற்றாண்டு வாழ்வில் அத்தனை எளிதாகக் கிடைத்த உதவி வேறொன்று எனக்கு நினைவில்லை.

சுவாசத்தைப் பழகத்தான் மூன்று வாரம் ஆயிற்று. மூச்சுத் திணறலை உண்டாக்குவது பிராணவாயுக் குறைவு என்றே நாம் எண்ணுகிறோம். பிரதான காரணம் உள்ளே சேர்கிற கரியமிலவாயு. நீருக்குள் மூச்சை அடக்கிக்கொண்டு, முகத்தைத் திருப்பும் ஒரு விநாடியில் விடுவது, இழுப்பது இரண்டையும் செய்ய முயல்கிறவருக்குப் பழைய காற்று முழுவதும் வெளியேறாது, புதியது போதுமான அளவு புகாது. குமிழிகளாக நீருக்குள்ளேயே விட்டுவிட்டு வந்தால், வெளியே இழுப்பதற்கு மட்டும் வாய் திறந்தால் போதும். குளத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு இதை மட்டும் நான் நூற்றுக்கணக்கான தடவை அப்பியாசம் செய்தேன்.

பதினெட்டாம் நூற்றாண்டில் பெஞ்சமின் பிராங்க்ளின் தம் நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதம் இங்கே நினைக்கத்தக்கது. நீச்சல் கற்க வயது கடந்துவிட்டது என்று கருதிய அந்த நண்பருக்கு, மார்பளவு நீரில் கரையை நோக்கி நின்றுகொண்டு, தமக்கும் கரைக்கும் நடுவே ஒரு முட்டையை எறிந்து, கண் திறந்தபடி முங்கி அதை எடுக்குமாறு அவர் யோசனை சொன்னார். அமிழ்வது நாம் அஞ்சுகிற அளவுக்குச் சுலபமன்று, தண்ணீர் நம்மை மேலேதான் தள்ளுகிறது என்பதை அந்த முயற்சியே காட்டிக்கொடுக்கும் என்பது அவர் கருத்து.

கடைசி வாரத்தில் அந்த இளைஞர் நாலடி ஆழத்தில் ஓர் ஐந்து ரூபாய் நாணயத்தைப் போட்டு எடுக்கச் சொன்னார். மார்பு நிறைய மூச்சை இழுத்துக்கொண்டு மூன்று தரம் முங்கினேன். மூன்று தரமும் விரலுக்கு ஒரு சாண் தூரத்தில் நாணயம் மினுங்கிக்கொண்டிருக்க, நீர் என்னைத் திருப்பி மேலே அனுப்பிவிட்டது. நான்காம் தரம் மூச்சைச் சிறிது சிறிதாக முழுவதும் விட்டுவிட்ட பிறகே, வயிறு டைல்ஸில் பட, அது கைக்கு வந்தது.