தெப்பக்காடு போறீங்களா? யானை, சாப்பாடு, வரலாறு... கிளம்பும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை!

ஊட்டி டூர் என்றாலே ஏரி, தாவரவியல் பூங்கா, தொட்டபெட்டா என்று ஒரே லிஸ்ட்தான். அதே நீலகிரி மாவட்டத்தில், மலையின் வடக்குப் பக்கம் இறங்கினால் குளிர் குறைந்து, காடு தொடங்கிவிடும். முதுமலை புலிகள் காப்பகத்துக்குள், மாயாறு ஓரத்தில் இருக்கிறது தெப்பக்காடு.

முகாம் எதற்காக?

நூறாண்டைக் கடந்த முகாம் இது. அன்று யானைகளுக்கு முக்கிய வேலை, காட்டில் வெட்டிய மரங்களை இழுப்பது. 1940-ல் முதுமலை சரணாலயமானது. 2007-ல் புலிகள் காப்பகம். இன்று தாயைப் பிரிந்த குட்டிகளை வளர்ப்பதும், ஊருக்குள் வரும் காட்டு யானைகளைக் கும்கிகளை வைத்து விரட்டுவதும் முகாமின் வேலை.

இங்கே வளர்ந்த ரகு, அம்மு குட்டிகளையும், பாகன் பொம்மன் – பெள்ளி தம்பதியையும் பற்றிய ‘தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்’, 2023-ல் சிறந்த ஆவணக் குறும்படத்துக்கான ஆஸ்கரை வென்றது. அதன் பிறகுதான் கூட்டம் எகிறியது.

என்ன பார்க்கலாம்?

ஹைலைட், யானைகளுக்கு உணவளிக்கும் நேரம். காலையும் மாலையும் ராகி, கொள்ளு, அரிசிச் சோறு, வெல்லம், உப்பு, தாதுக் கலவை எல்லாம் அளந்து, உருட்டி வாயில் ஊட்டுவார்கள். ஒவ்வொரு யானைக்கும் வயது, எடை, உடல்நிலையைப் பொறுத்து மெனு மாறும். ‘நாமும் ஒரு வாழைப்பழம் கொடுக்கலாமே’ என்று நினைக்க வேண்டாம். பாகன்களில் பலர் தலைமுறைகளாக யானையோடு வாழும் பழங்குடியினர். அவர்கள் சொல்வதைக் கேட்டால் போதும்.

எப்படிப் போவது?

ஊட்டியிலிருந்து இரண்டு வழி. பைக்காரா, கூடலூர் வழி தூரம் அதிகம். ஆனால் பஸ் வசதி உண்டு. கல்லட்டி, மசினகுடி வழி குறைவான தூரம்தான். ஆனால், 36 கொண்டை ஊசி வளைவுகள்! விபத்துகள் காரணமாக, வெளியூர் வண்டிகள் இந்த வழியில் இறங்கக் கட்டுப்பாடு உண்டு. வெளி மாவட்ட வண்டிகளுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் நடைமுறையும் இருக்கிறது.

மைசூரு பக்கம் போகிறவர்கள் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்க. பந்திப்பூர் காட்டுச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடப்படும். வண்டியில் அடிபட்டு விலங்குகள் சாவதைத் தடுக்கத்தான் 2009-ல் இந்தத் தடை வந்தது.

எங்கே தங்குவது?

இங்கேதான் கவனம் தேவை. மசினகுடி சுற்றுவட்டாரம் வழியாகப் போகிறது சீகூர் யானை வழித்தடம். மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலைக்கும் இடையே யானைகள் போய்வரும் பாதை அது. குறுக்கே ரிசார்ட்டும் மின்வேலியும் வந்தால், யானை வயலுக்கும் வீட்டுக்கும்தான் திரும்பும். அரசின் வழித்தட அறிவிப்பு செல்லும் என்று 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. ரூம் புக் செய்யும் முன், அந்த இடத்துக்கு முறையான அனுமதி இருக்கிறதா என்று கேளுங்க. வனத்துறை விடுதிகளும் இருக்கின்றன.

சாலையோரம் மான் நின்றால் வண்டியை நிறுத்தி செல்ஃபி எடுக்காதீங்க. ஹாரன், பாட்டு வேண்டாம். சிப்ஸ் கவரை ஊருக்கே திருப்பி எடுத்து வந்துடுங்க. நமக்கு இது ஒரு வீக் எண்ட்; யானைக்கு இதுதான் வீடு.