போயாவுக்குப் போயா பேசுவோம்

மாத்தளை மாவட்டத் தோட்டங்களில் கூட்டத்துக்குப் பஞ்சமில்லை. இறத்தோட்டை, உக்குவளை, எல்கடுவைப் பக்கத்து மலைகளில் விடிந்ததும் பெரட்டுக்களத்தில் ஆட்கள் கூடுகிறார்கள். திருவிழா நெருங்கினால் கோயில் கமிட்டி கூடும். சம்பளப் பிரச்சினை என்றால் சங்கத் தலைவர் கூட்டுவார். தேர்தல் வந்தால் யார் யாரோ கூட்டுவார்கள். எல்லாவற்றிலும் என்ன பேசுவது என்பதை வேறொருவர் முன்பே முடிவு செய்திருப்பார். இன்று எந்த மலையில் கொழுந்து, எத்தனை கிலோ என்று பெரட்டில் ஒருவர் சொல்வார். மற்றவர்கள் கேட்டுக்கொண்டு நடப்பார்கள். லயத்துக் கூரை ஒழுகுவதையும் பீலியில் தண்ணீர் வராததையும் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பேச அங்கே இடமில்லை.

அந்த இடம் வேண்டும். எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதுதான் கேள்வி.

பிரச்சினை வரும்போது கூடினால் போதாதா என்கிறார்கள். போதாது. முற்றிய பிறகு கூடுகிறவர்கள் ஏற்கெனவே இரண்டு பக்கமாகப் பிரிந்துதான் வருவார்கள். அங்கே பேசுவதைவிடப் பழைய கணக்குத் தீர்ப்பதுதான் அதிகம் நடக்கும்.

தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு நான்கு முறை கூடி வந்தது; 2022இல் மார்ச் 22, நவம்பர் 1 இரண்டையும் சேர்த்து ஆறாக்கினார்கள். நாள் முன்கூட்டியே தெரிவது பெரிய பலம். ஆனால் ஒக்டோபர் 2க்குப் பிறகு ஒரே மாதத்தில் அடுத்த சபை வருகிறது. மே 1ஐ விட்டால் ஓகஸ்ட் 15 வரை மூன்றரை மாதம். கோடையில் தண்ணீர் நின்றுபோன ஊரால் அவ்வளவு காலம் பொறுக்க முடியாது.

நம் பிரதேச சபைகள் மாதந்தோறும் கூடுகின்றன. ஆனால் தோட்டங்களுக்குள் அவை செலவிடச் சட்டத்தில் இருந்த தடை 2018இல்தான் நீங்கியது. 2023 மார்ச்சில் பதவிக்காலம் முடிந்து, 2025 மேயில் தேர்தல் நடக்கும்வரை சபைகளில் உறுப்பினர்களே இல்லை. அந்த இரண்டு ஆண்டிலும் மழைக்கு மண் சரியாமல் இருந்ததா?

வாரம் ஒருமுறை கூடலாம் என்கிற இளைஞர்களின் ஆர்வத்தை மதிக்கிறேன். ஆனால் கொழுந்து நிறுத்துவிட்டு வரும் பெண்ணுக்குத் தண்ணீர், விறகு, சமையல், பிள்ளைகளின் பாடம் எல்லாம் காத்திருக்கும். வாரக் கூட்டம் சில வாரங்களிலேயே ஆண்களின் கூட்டமாகிவிடும். மலையை அதிகம் அறிந்தவர்கள் அந்தப் பெண்கள்தான். அவர்கள் இல்லாமல் எதைப் பேசுவது?

எனவே மாதந்தோறும் வரும் முழுநிலா நாளான போயா. 1966 முதல் 1971 வரை இந்த நாடு ஞாயிற்றுக்கிழமையை விட்டுவிட்டுப் பிறையைப் பார்த்தே வாராந்த விடுமுறை எடுத்தது; அந்த ஏற்பாடு நிலைக்கவில்லை, மாதப் போயா நிலைத்துவிட்டது. எல்லா வீட்டுக் கலண்டரிலும் அது இருக்கிறது, யாரும் அறிவிக்க வேண்டியதில்லை. பொது விடுமுறை. சாராயக் கடை பூட்டியிருக்கும். தோட்டத்து மாலைகளை அறிந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஆனாலும் மாலை வேண்டாம், காலை பத்து மணிக்கே கூடலாம். கோயில் மண்டபமோ பிள்ளைப் பராமரிப்பு நிலையமோ போதும். தலைவர் முதலில் பேசக் கூடாது. வயதில் இளைய பெண் தொடங்கட்டும்.

ஒரு கொப்பி வேண்டும். கேட்டது, கேட்ட நாள், யார் பதில் சொல்ல வேண்டும் என்ற மூன்றும் அதில் எழுதப்பட வேண்டும். கூட்டம் தொடங்கியதும் முந்திய போயாவின் பக்கத்தை உரக்க வாசிக்க வேண்டும். தோட்ட நிர்வாகமோ கிராம உத்தியோகத்தரோ பதில் தராத கேள்வி, பதில் வரும்வரை ஒவ்வொரு மாதமும் புதுப் பக்கத்தின் முதல் வரியாக எழுதப்பட வேண்டும்.