தோலில் ஒரு கோலம்

"தோல் வேலையா?" என்று முகம் சுளிப்பவர்கள் இன்றும் உண்டு. என் அத்தை புதுவையில் ஒரு தோல் பட்டறையில் பல ஆண்டுகளாகப் பை தைக்கிறார். ஆனால் வீட்டுக்கு வருபவர்களிடம் என் பாட்டி, "தையல் வேலைக்குப் போகிறாள்" என்று மட்டுமே சொல்வார். சென்ற கோடை விடுமுறையில் அத்தையிடம் தோல் குஷன் செய்யக் கற்றுக்கொண்டேன். அந்த முறையை என் தோழியருக்கும் சொல்ல விரும்புகிறேன்.

பச்சைத் தோல் விரைவில் அழுகிவிடும். அழுகாமல் காக்கும் முறையே பதனிடுதல். தமிழகத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் இதற்குப் பயன்பட்டன. அவற்றின் துவர்ப்புப் பொருள் தோலின் நார்களோடு பிணைந்து அதைக் கெடாமல் வைக்கிறது. இத்தொழிலை ஆராய்வதற்கென்றே 1948-இல் சென்னையில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. நம் புதுவையில் 1978-இல் திலீப் கபூர் ஒரு சிறு பட்டறையாகத் தொடங்கிய ஹைடிசைன், பிறகு பல நாடுகளுக்குத் தோல் பைகளை அனுப்பும் நிறுவனமாக வளர்ந்தது.

இனிச் செய்முறையைப் பார்ப்போம். மெழுகு பூசாத, சுமார் 1 மி.மீ. தடிமனுள்ள மிருதுவான ஆட்டுத் தோல் வேண்டும். 40 செ.மீ. குஷனுக்கு, தையலுக்கும் இடம் விட்டு 42 செ.மீ. சதுரமாக வெட்ட வேண்டும். பின்பக்கத்துக்குத் தடித்த பருத்தித் துணி போதும், செலவும் குறையும்.

ஒரு மரச்சட்டத்தில் நைலான் வலைத்துணியை இறுக்கமாக இழுத்து ஆணியடிக்க வேண்டும். ஸ்டிக்கர் தாளில் கோலம் வரைந்து, கோடுகளை மட்டும் பிளேடால் வெட்டி எடுக்க வேண்டும். வளைவுகளுக்குள் இருக்கும் துண்டுகள் இடம் பெயராமலிருக்க, மேலே செலோடேப் ஒட்டி மொத்தமாகத் தூக்கி, வலையின் அடிப்பக்கத்தில் பதித்துவிட்டு, டேப்பை உரிக்கலாம். வெறும் அட்டையில் சிக்குக் கோலத்தை வெட்டினால் உள்துண்டுகள் உதிர்ந்துவிடும். வலை அவற்றைத் தாங்கிப் பிடிக்கிறது. ஸ்கிரீன் அச்சின் சிறப்பே இதுதான். எழுத்தாக இருந்தால் இடவலம் மாற்றி வரைய வேண்டும்.

தோலைச் சமமான பலகையில் பரப்பி, அதன்மேல் சட்டத்தை வைக்க வேண்டும். தோலில் பிடிக்கும் வெள்ளை அக்ரிலிக் மையை ஓரத்தில் ஊற்றி, ரப்பர் பட்டையைச் சாய்த்துப் பிடித்து ஒரே சீராக இழுக்க வேண்டும். முதலில் ஒரு துண்டுத் தோலில் பரீட்சித்துக் கொள்வது நல்லது. வேலை முடிந்ததும் வலையை உடனே கழுவ வேண்டும். அச்சு ஒரு நாள் முழுவதும் நிழலில் உலரட்டும்.

என் முதல் முயற்சி பாழானது. மை சரியாகப் படவில்லையோ என்று மறுபடி இழுத்தேன். சட்டம் நகர்ந்து கோலம் இரட்டையாகிவிட்டது. ஈரத் துணியால் துடைத்தேன், கறை பரவியது. அழுதுவிட்டேன். அத்தை திட்டவில்லை. "துணியைப் போலத் தோலைத் துவைக்க முடியாது. தையலைப் பிரித்தாலும் ஊசித்துளை போகாது. அதனால்தான் நாங்கள் ஒவ்வொன்றையும் இரண்டு முறை யோசித்துச் செய்கிறோம்" என்றார். அவருடைய வேலை எவ்வளவு கவனம் கேட்பது என்று அன்றுதான் உணர்ந்தேன்.

தைக்கும்போது குண்டூசி குத்தாமல் கிளிப் போட்டுப் பிடிக்க வேண்டும். தோல் தைக்கும் ஊசியால் 3 அல்லது 4 மி.மீ. இடைவெளியில் தைக்க வேண்டும். நெருக்கமாகத் தைத்தால் தோல் அந்தக் கோட்டிலேயே கிழியும். ஒரு பக்கம் ஜிப் வைத்து, இலவம் பஞ்சு நிரப்பிய துணி உறையை உள்ளே நுழைத்தால் குஷன் தயார்.

புனித பேதுரு யோப்பா நகரில் தோல் பதனிடும் சீமோன் வீட்டில்தான் தங்கினார் என்று விவிலியத்தில் படிக்கிறோம். பாட்டிக்கும் இதை நினைவூட்டினேன். அவர் பதில் சொல்லவில்லை. ஆனால் இப்போது அந்தக் குஷனில் சாய்ந்துதான் செபமாலை சொல்கிறார். சென்ற வாரம் வந்த உறவினர் கோலத்தைத் தடவிப் பார்த்து, "எங்கே வாங்கினீர்கள்?" என்று கேட்டார்.

"வாங்கவில்லை. என் மகள் தோல் வேலை செய்கிறாள்; அவள் பேத்திக்குச் சொல்லிக் கொடுத்தாள்" என்றார் பாட்டி.