அரை டிக்கெட்டுப் பிள்ளைகளும் ஓர் ஏணியும்

ஆடி மாதம் பிறந்துவிட்டதா என்று பார்க்க ரயில்வே டிக்கெட் கவுன்ட்டரில் உட்கார்ந்திருப்பவனுக்குப் பஞ்சாங்கம் தேவையில்லை. "ஜோலார்பேட்டை, ரெண்டு முழு, ஒரு அரை." "குப்பம், ஒரு முழு, ரெண்டு அரை." வரிசை நீண்டுகொண்டே போகும். ஊரில் மாரியம்மனுக்குக் கூழ் வார்க்கிறார்கள். அல்லது பெரியவர் ஒருவர் காலமாகிவிட்டார். அல்லது நடவுக்கு ஆள் இல்லை. போகிறவர்களில் நமது மர்பி டவுன், அல்சூர், ஜோகுபாளையா பக்கத்தார் பலர். கட்டட வேலைக்காரர்கள், பெயின்டர்கள், வீட்டு வேலை செய்யும் பெண்கள். அந்த 'அரை' என்பது ஐந்து வயது முடிந்து பன்னிரண்டு முடியாத ஒரு பிள்ளை. அன்றைக்குப் பள்ளிக்கூடம் உண்டு என்பது அப்பாவுக்கும் தெரியும், டிக்கெட் கொடுக்கிறவனுக்கும் தெரியும்.

பத்து நாள் கழித்து அந்தப் பிள்ளை திரும்பி வரும்போது வகுப்பு வேறு பாடத்தில் நிற்கிறது. விட்டுப் போன பத்து நாளை யார் சொல்லிக் கொடுப்பது? நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும் அறையில் ஆசிரியை பின்னால் திரும்பிப் போக முடியாது. பிள்ளை முன்னால் தாவவும் முடியாது. இப்படி வருஷத்துக்கு மூன்று முறை நடந்தால் அந்தப் பிள்ளைக்கு 'மந்தம்' என்று பெயர் வந்துவிடுகிறது.

எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஒரு சென்ட்ரிங் தொழிலாளி இருக்கிறார். ஊர் திருப்பத்தூர் பக்கம். மகள் இரண்டாம் வகுப்பு. "படிப்பு ஏறமாட்டேங்குது சார். பேசாம ஊர்ல ஆயாகிட்ட விட்டுடலாம்னு இருக்கேன்" என்றார். அந்தச் சிறுமியை எனக்குத் தெரியும். முப்பத்தேழு ரூபாய்ச் சாமானுக்கு ஐம்பது ரூபாய் கொடுத்து, பாக்கிச் சில்லறையை எண்ணி வாங்கி வருகிறவள். கடைக்காரர் ஒரு ரூபாய்க்குப் பதில் மிட்டாய் கொடுத்தால் விடமாட்டாள். ஆனால் வகுப்பில் ஒரு படத்தைக் காட்டி 'ஹாலு' என்றால் வாய் திறப்பதில்லையாம். பால் தெரியாத பிள்ளையா அவள்?

இங்கே குறை இரண்டு. ஒன்று, விட்ட இடத்திலிருந்து தொடர வழியில்லாமை. மற்றொன்று, வீட்டில் பேசும் பேச்சுக்கு வகுப்பில் இடமில்லாமை. முதல் குறைக்கு மருந்து நமக்குப் பக்கத்திலேயே, அதுவும் கர்நாடக அரசுப் பள்ளிகளிலேயே உண்டாக்கப்பட்டிருக்கிறது என்பது நம்மவர்களில் பலருக்குத் தெரியாது.

ஏணி வந்த வழி

1972-ல் கோலார் மாவட்டத்தில் ராயல்பாடு என்ற ஊருக்கு அருகே டேவிட் ஹார்ஸ்பரோ என்ற ஆங்கிலேயர் 'நீல் பாக்' என்ற சிறு பள்ளியைத் தொடங்கினார். கிராமத்துப் பிள்ளைகள்தான் மாணவர்கள். வகுப்புப் பிரிவு கிடையாது, பரீட்சை கிடையாது, அடி கிடையாது. ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் படிக்கும். மரவேலை, மண்வேலை, பாட்டு எல்லாம் பாடத்தோடு பாடம். 1984-ல் அவர் காலமானார். பள்ளி சிறிதானாலும் அங்கே போய்ப் பார்த்தவர்கள் சும்மா இருக்கவில்லை.

அங்கிருந்து அதிகத் தொலைவில்லாத மதனப்பள்ளி அருகே ஜே. கிருஷ்ணமூர்த்தியின் ரிஷி வேலி பள்ளி இருக்கிறது. அதன் கிராமக் கல்வி மையத்தில் 1980-களில் ராமா, பத்மநாப ராவ் தம்பதியர் சுற்றுக் கிராமங்களுக்கு ஓராசிரியர் பள்ளிகளை ஏற்படுத்தினர். ஒரே ஆசிரியர், ஒரே அறை, ஐந்து வகுப்புப் பிள்ளைகள். ஆடு மேய்க்கப் போகிற பிள்ளை ஒரு வாரம் வராது. இதற்கு எந்தப் பாடப்புத்தகம் ஒத்துவரும்? அவர்கள் புத்தகத்தைப் பிரித்துப் போட்டார்கள். ஒரு பாடம் பல அட்டைகளாயிற்று. ஒவ்வோர் அட்டைக்கும் ஒரு சிறு படக்குறி, ஓர் எண். எந்த அட்டைக்குப் பின் எந்த அட்டை என்று காட்ட, சுவரில் ஏணி போல ஒரு படம். இன்று ஏழாவது படியில் விட்டுப் போன பிள்ளை, இருபது நாள் கழித்து வந்தாலும் ஏழாவது படியில் காலை வைக்கலாம். அவன் பாடம் அவனுக்காகக் காத்திருக்கும்.

1995-ல் மைசூர் மாவட்டம் ஹெக்கடதேவன கோட்டை தாலுகாவிலிருந்து அரசுப் பள்ளி ஆசிரியர்கள் ரிஷி வேலிக்குப் போய் இதைப் பார்த்தனர். கபினி அணைக்கட்டும் காடும் சேர்ந்த தாலுகா அது. ஜேனு குருபர் போன்ற பழங்குடியினர் வாழும் பகுதி. திரும்பி வந்த ஆசிரியர்கள் யூனிசெப் உதவியோடு தாங்களே உட்கார்ந்து கன்னடத்தில் அட்டைகளை எழுதினார்கள். அதுதான் 'நலி-கலி'. மேலிருந்து வந்த சுற்றறிக்கையால் பிறந்ததல்ல, பாடம் நடத்துகிறவர்கள் கையால் பிறந்தது என்பது இதன் தனிச் சிறப்பாகும். 2009-10-ல் இது மாநிலம் முழுவதும் அரசுக் கன்னடப் பள்ளிகளின் கீழ் வகுப்புகளுக்கு வந்தது.

பெயரைக் கேட்டு நம்மவர்கள் பயப்பட வேண்டாம். தமிழில் 'நலி' என்றால் நலிந்து போவது, 'கலி' என்றால் கேடு. கன்னடத்தில் 'நலி' என்றால் மகிழ்ந்து ஆடு. 'கலி' என்றால் கற்றுக்கொள், நமது 'கல்' தான் அது. ஒரே சொல் பாலாற்றைத் தாண்டுவதற்குள் தலைகீழாகிவிடுகிறது!

ஐந்து வட்டங்கள்

நலி-கலி வகுப்பில் பிள்ளைகள் வரிசையாகப் பலகையைப் பார்த்து உட்காருவதில்லை. தரையில் ஐந்து வட்டமாக உட்காருவார்கள். வட்டத்துக்குத் 'தட்டு' என்று பெயர். முதல் தட்டில் ஆசிரியை முழுக்கக் கூட இருப்பார். இரண்டாவதில் பாதி உதவி. மூன்றாவதில் தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளைக்குச் சொல்லித் தரும். நான்காவதில் அந்த உதவியும் குறையும். ஐந்தாவதில் பிள்ளை தானே செய்யும். புது அட்டையை எடுத்தவன் முதல் தட்டுக்குப் போவான், படிப்படியாக ஐந்தாவதுக்கு நகர்வான். முதல் வகுப்புப் பிள்ளையும் இரண்டாம் வகுப்புப் பிள்ளையும் ஒரே தட்டில் உட்காரலாம். தலைக்கு மேல் கயிறு கட்டிய சப்பரத்தில் பிள்ளைகள் வரைந்தவை தொங்கும்.

இந்த அமைப்பில் யாருக்கும் 'கடைசி பெஞ்சு' இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். காது மந்தமான பிள்ளை, கை சரியாக வராத பிள்ளை, மெதுவாகப் பேசும் பிள்ளை ஆகியோருக்கும் இதில் இடமுண்டு. ஓர் அட்டையில் ஒரு மாதம் நின்றாலும் கேட்பாரில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் வந்தது. குறிப்பிட்ட அளவுக்கு மேல் குறையுள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமையை அது தருகிறது. ஆனால் சட்டம் பிள்ளையை வாசல் வரைதான் கொண்டுவந்து விடும். உள்ளே போனபின் உட்காரும் இடத்தைப் பாடத்திட்டம்தான் தர வேண்டும்.

தமிழகத்திலும் இதே ஏணிதான் ஏறியது. சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் ஆசிரியர்களை ரிஷி வேலிக்கு அனுப்பினார். 2003-ல் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல் முறை, 2007-08-ல் மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் போனது. பாய், கீழ்மட்டக் கரும்பலகை, கம்பிப் பந்தல் எல்லாம் அப்போது வந்தவை. ஊரிலிருந்து வரும் இளைஞர்களைக் கேட்டால் அந்த அட்டைகளை இன்னும் நினைவு வைத்திருக்கிறார்கள். கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்தபின் 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. அதிலும் ஒரே வகுப்புப் பிள்ளைகளை எட்டிய நிலைக்கு ஏற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து உட்கார வைத்தார்கள்.

குறையே இல்லையா என்றால், உண்டு. அட்டை கிழிந்தால் புது அட்டை வரத் தாமதம். ஒவ்வொரு பிள்ளையின் படியையும் எழுதி வைக்கும் வேலை ஆசிரியரின் முதுகை ஒடிக்கிறது. மூன்று வகுப்பும் ஓர் ஆசிரியர் தலையில் விழுந்தால் ஐந்து தட்டும் ஒரே தட்டாகிவிடும். பெற்றோருக்கோ, "புஸ்தகம் இல்லை, வீட்டுப் பாடம் இல்லை, தரையில உட்கார வைக்கிறாங்க" என்ற மனக்குறை. டை கட்டி வேனில் போகும் பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பார்க்கிறார்கள், கடன் வாங்கிக் கட்டணம் கட்டுகிறார்கள். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், வகுப்பில் ஆங்கிலம் என்றால் ஆறு வயதுப் பிள்ளை மூன்றாவது மொழியில் முதல் எழுத்தைத் தேடுகிறது.

தரையில் உட்காருவது ஏழைப் பள்ளியின் அடையாளம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. இன்று பெரிய கட்டணம் வாங்கும் பள்ளிகளின் பலகைகளில் மாண்டிசோரி என்ற பெயர் தொங்குகிறது அல்லவா? இத்தாலியில் மரியா மாண்டிசோரி தம் முதல் 'குழந்தைகள் இல்ல'த்தை 1907-ல் திறந்தது ரோம் நகரில் சான் லொரென்சோ என்ற தொழிலாளர் குடியிருப்பில். பெற்றோர் வேலைக்குப் போனபின் மாடிப்படிகளில் திரிந்துகொண்டிருந்த பிள்ளைகளுக்காகத்தான் அது. 1939-ல் அவர் சென்னை அடையாறுக்கு வந்தார், உலகப் போர் மூண்டதால் இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது, கொடைக்கானலிலும் வசித்தார். நமது மர்பி டவுனும் அப்படி ஒரு குடியிருப்பே. முன்பு நாக்ஸ்பேட்டை என்றிருந்த இடத்தில் ஏழைத் தொழிலாளர்களுக்காகத் திட்டமிட்டு வீடுகள் எழுந்தன. கன்டோன்மென்ட்டின் எக்ஸிகியூட்டிவ் என்ஜினீயராக இருந்த டபிள்யூ. எச். மர்பியின் பெயர் அதற்கு வந்தது. ஆக, சான் லொரென்சோவுக்குப் பொருந்தியது இங்கே பொருந்தாது என்று சொல்ல நியாயமில்லை.

நமது முதல் படி

இரண்டாவது குறைக்கு வருவோம். ஏணி நல்ல ஏணிதான். ஆனால் அதன் முதல் படி கன்னடத்தில் இருக்கிறது. கன்னட வீட்டுப் பிள்ளைக்கு அது தரைமட்டம். நம் பிள்ளைக்கு இடுப்பு உயரம்.

மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்க நிலையில் தாய்மொழியில் கற்க வசதி செய்து தர மாநிலங்கள் முயல வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 350ஏ பிரிவு 1956 முதல் சொல்லி வருகிறது. அதேசமயம் கன்னடத்தை முதல் அல்லது இரண்டாம் மொழியாகக் கட்டாயம் கற்பிக்கும் கர்நாடகச் சட்டம் 2015-ல் வந்தது. இந்த ஊரில் பிழைக்கிறவனுக்குக் கன்னடம் வேண்டும், அதில் இரண்டு பேச்சில்லை. பெங்களூரில் தமிழ் வழிப் பள்ளிகள் குறைந்துகொண்டே போவதை நினைத்துப் பெருமூச்சு விடும் நாம், கன்னடப் பள்ளியில் இருக்கும் நம் பிள்ளைக்கு என்ன செய்தோம்?

நலி-கலியில் எழுத்துகள் அ, ஆ என்று வரிசையாக வருவதில்லை. முதலில் ர, க, ஸ, த, அ என்று ஐந்து. எழுத எளிதானவை, உடனே சொல் கட்ட உதவுபவை. இந்த ஐந்தை மட்டும் வைத்துக்கொண்டே 'ஸர', 'அரஸ', 'தஸர', 'கரகஸ' என்று எழுதிவிடலாம். இவற்றைச் சற்றே உரக்கப் படித்துப் பாருங்கள். சரம், அரசன், தசரா! நான்கில் மூன்று நம் வீட்டுச் சொல். நான்காவது, ரம்பம், தச்சு வேலை செய்கிறவர் பிள்ளைக்கு ரம்பத்தைக் காட்டினால் போதும்.

அடுத்தது இன்னும் வேடிக்கை. நம் சொல்லின் முதலில் வரும் 'ப', கன்னடத்தில் பல இடங்களில் 'ஹ' ஆகிவிடும். பால், ஹாலு. புலி, ஹுலி. பூ, ஹூவு. பல், ஹல்லு. பத்து, ஹத்து. பசு, ஹசு. பழைய கன்னடத்தில் அவர்களுக்கும் 'ப' தான் இருந்தது, பின்னால் மாறியது. ஊர்ப் பெயர்களில் வரும் 'ஹள்ளி'யும் பழைய 'பள்ளி' தான். இந்த ஒரு சாவியைக் கையில் கொடுத்தால் ஆறு வயதுப் பிள்ளை ஒரு மாலையில் பத்துக் கதவைத் திறக்கும். இதற்கு அச்சகம் வேண்டாம், அரசாணை வேண்டாம். பழைய கல்யாணப் பத்திரிகையின் வெள்ளைப் பக்கம், ஒரு ஸ்கெட்ச் பேனா. அட்டையில் ஒரு பக்கம் புலி படம். மறுபக்கம் தமிழில் புலி, கன்னடத்தில் ஹுலி. எழுத்தறியாத தாயும் படத்தைப் பார்த்துத் தமிழ்ச் சொல்லைச் சொல்லலாம், பிள்ளை கன்னடச் சொல்லைச் சொல்லும். கன்னட எழுத்துத் தெரிந்த குமாஸ்தாக்கள் நம்மில் எத்தனை பேர்! ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் திண்ணையில் உட்கார்ந்தால் இருபது அட்டை ஆகும்.

சென்ட்ரிங்காரர் வீட்டில் நான் அப்படித்தான் உட்கார்ந்தேன். அட்டைகளைச் சிறுமி ஒரே வாரத்தில் மனப்பாடம் செய்துவிட்டாள். மறுவாரம் பால் பூத்தின் பெயர்ப்பலகையைப் பார்த்து நின்றவள், 'ஹாலு' என்று எழுத்துக் கூட்டிப் படித்தாள். அவள் அப்பா சைக்கிளை நிறுத்திவிட்டுப் பலகையையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார். ஊருக்கு அனுப்பும் பேச்சை இப்போதைக்கு எடுக்கவில்லை.

அவளுக்கோ வேறு சந்தேகம். "மாமா, அப்போ பெங்களூரு, ஹெங்களூரா?"

இல்லையம்மா, அது வேறு 'ப' என்றேன். தமிழில் இரண்டு ஒலிக்கும் ஒரே எழுத்து, கன்னடத்தில் தனித்தனி. அவளுக்குப் புரிந்த மாதிரித் தெரியவில்லை. நலி-கலி ஏணியில் ர, க, ஸ, த, அ முடிந்ததும் ஜ, வ, ம, ப, ந என்று அடுத்த ஐந்து வரும். அந்தப் 'ப' தான் பெங்களூருவின் 'ப'. ஆடிக்கு ஊருக்குப் போய் வந்ததும் அவள் எடுக்க வேண்டிய அட்டை அதுதான்.