உருமாறும் மெழுகுவர்த்தி

உருமாறும் மெழுகுவர்த்தி என்பது, எரியும்போது உயரம் குறைவதோடு நில்லாமல் வேறொரு வடிவத்தையும் அடையும்படி செய்யப்படும் அலங்கார மெழுகுவர்த்தி ஆகும். சுவரில் துளைகள் தோன்றுதல், வழிந்த மெழுகு தூண்களாகப் படிதல், உள்ளே மறைந்திருக்கும் உருவம் வெளிப்படுதல் ஆகியவை இவ்வகையில் அடங்கும். ஒளிக்காகச் செய்யப்படும் மெழுகுவர்த்தியில் குறையாகக் கருதப்படும் சீரற்ற உருகலே இங்கு அழகாகப் பயன்படுத்தப்படுகிறது.

அறிவியல் அடிப்படை

சுடரின் வெப்பத்தால் திரியைச் சுற்றியுள்ள மெழுகு உருகுகிறது. உருகிய மெழுகு நுண்புழை ஏற்றத்தால் திரியில் ஏறி, ஆவியாகி எரிகிறது. சூடான காற்று மேலெழும்போது குளிர்ந்த காற்று பக்கங்களிலிருந்து வந்து மெழுகுவர்த்தியின் விளிம்பைக் குளிர்விக்கிறது. இதனால் நடுப்பகுதி உருகினாலும் விளிம்பு உருகாமல் நின்று, ஒரு கிண்ணம் உருவாகிறது.

இங்கிலாந்து அறிவியலாளர் மைக்கேல் ஃபாரடே, லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் இளைஞர்களுக்கு ஆற்றிய மெழுகுவர்த்தி பற்றிய சொற்பொழிவுகளில் இதை விளக்கினார். அவை 1861-இல் நூலாக வெளிவந்தன. பக்கவாட்டில் வரிப்பள்ளங்கள் கொண்ட அலங்கார மெழுகுவர்த்திகள் கண்ணுக்கு அழகாக இருந்தாலும், அவற்றின் விளிம்பு சீராக அமையாததால் மெழுகு வழிந்து, சரியாக எரிவதில்லை என்றார். வழிந்து படிந்த மெழுகின் மேற்பகுதி காற்றுபட்டுக் குளிர்வதால், சுற்றியுள்ள மெழுகு இறங்கிய பின்னும் அது ஒரு சிறு தூணாக நிற்பதையும் சுட்டிக்காட்டினார்.

வடிவத்தைத் தீர்மானிப்பவை

முதலாவது, மெழுகின் உருகுநிலை. பாரஃபின் மெழுகு அதன் தரத்தைப் பொறுத்து ஏறத்தாழ 46 முதல் 68 டிகிரி செல்சியஸ் வரையிலும், தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரியிலும் உருகும். உருகுநிலை உயர்ந்த மெழுகால் வெளிக்கூட்டையும், குறைந்த மெழுகால் உட்பகுதியையும் செய்தால், உட்பகுதி இறங்கிய பின் கூடு விளக்குபோல் எஞ்சும்.

இரண்டாவது, திரியின் பருமன். மெல்லிய திரி சிறு குழி மட்டுமே தோண்டும். தடித்த திரி சுவரையும் உருக்கிவிடும்.

மூன்றாவது, சுவரின் கனமும் சீரும். சுவர் எங்கே மெல்லியதோ அங்கே முதலில் உடைந்து மெழுகு வழியும்.

வகைகள்

வழியும் மெழுகுவர்த்தி: புட்டியின் வாயில் செருகி எரிக்கப்படுகிறது. வெவ்வேறு நிற மெழுகுவர்த்திகளை ஒன்றன்பின் ஒன்றாக எரித்தால் புட்டியின் மேல் வண்ண அடுக்குகள் படியும்.

உள்ளுருவ மெழுகுவர்த்தி: ஐஸ்லாந்து வடிவமைப்பாளர் தோருன் ஆர்னடோட்டிர் உருவாக்கிய பூனை மெழுகுவர்த்தி இதற்கு எடுத்துக்காட்டு. மெழுகு உருகியதும் உள்ளிருக்கும் உலோக எலும்புக்கூடு வெளிப்படும்.

பனிக்கட்டி மெழுகுவர்த்தி: பனிக்கட்டித் துண்டுகளின் மேல் மெழுகை ஊற்றிச் செய்யப்படுவது. பனிக்கட்டி இருந்த இடமெல்லாம் துளைகளாகிவிடும்.

பனிக்கட்டி மெழுகுவர்த்தி செய்முறை

1. ஒரு லிட்டர் பழச்சாறு அட்டைப் பெட்டியைக் கழுவி, 12 செ.மீ. உயரத்துக்கு வெட்டிக்கொள்ள வேண்டும்.
2. அதன் நடுவில் ஒரு மெல்லிய மெழுகுவர்த்தியைச் சிறிது உருகிய மெழுகால் ஒட்டி நிறுத்த வேண்டும்.
3. சுமார் 300 கிராம் பாரஃபின் மெழுகை ஒரு பாத்திரத்தில் இட்டு, அதைக் கொதிநீர் உள்ள பெரிய பாத்திரத்துக்குள் வைத்து உருக்க வேண்டும். நேரடித் தீயில் வைக்கக் கூடாது.
4. மெழுகு உருகிய பின்னரே, சுமார் 2 செ.மீ. அளவுள்ள பனிக்கட்டித் துண்டுகளைப் பெட்டியில் நிரப்பி, உடனே மெழுகை மெதுவாக ஊற்ற வேண்டும். பனிக்கட்டி சூழ்ந்திருப்பதால் நடுவிலுள்ள மெழுகுவர்த்தி உருகுவதில்லை.
5. மெழுகு நன்கு இறுகியதும் நீரை வடித்து, அட்டையைக் கிழித்தெடுத்து, ஒரு நாள் உலர விட வேண்டும். திரியில் ஈரம் இருந்தால் சுடர் படபடக்கும்.

துண்டுகள் பெரியவையானால் துளைகளும் பெரிதாகும்; நொறுக்கிய பனிக்கட்டி வலைபோன்ற நுண்துளைகளைத் தரும்.

எரிக்கும் முறை

திரியை ஒவ்வொரு முறையும் 6 மி.மீ. நீளத்துக்கு நறுக்கிய பின் ஏற்ற வேண்டும். தடித்த, துளையற்ற மெழுகுவர்த்தியை முதல்முறை எரிக்கும்போது, விட்டத்தில் ஒவ்வொரு 2.5 செ.மீ.க்கும் ஒரு மணி நேரம் எரிய விடுவது வழக்கம். முன்னதாகவே அணைத்தால் நடுவில் மட்டும் குழி விழுந்து, அடுத்தடுத்த முறைகளிலும் அதுவே ஆழமாகும். அணைத்தபின் சுவர் இளஞ்சூடாக இருக்கையில் அதை விரலால் உட்புறமாகவோ, இதழ்போல் வெளிப்புறமாகவோ வளைக்கலாம். காற்றோட்டத்தில் சுடர் சாய்ந்தால் ஒரு பக்கம் மட்டும் உருகி, திட்டமிட்ட வடிவம் கெடும்.

பாதுகாப்பு

வழிவதற்கென்றே செய்யப்படுவதால், சாதாரண மெழுகுவர்த்தியைவிட இதில் கவனம் கூடுதலாகத் தேவை. விளிம்பு உயர்ந்த, தீப்பற்றாத தட்டின் மேல்தான் வைக்க வேண்டும். காய்ந்த இலை, பூ, பட்டை ஆகியவற்றைச் சுடருக்கு அருகில் பதித்தால் அவை இன்னொரு திரியாக மாறித் தீப்பற்றும். சுவர் சரிந்து திரி வெளிப்பட்டாலோ, சுடர் வழக்கத்தைவிடப் பெரிதானாலோ உடனே அணைத்துவிட வேண்டும்.

உருக்கும்போது மெழுகு தீப்பற்றினால் நீர் ஊற்றக் கூடாது. நீர் மெழுகுக்கு அடியில் சென்று, நொடியில் நீராவியாகி, எரியும் மெழுகை நாலாபுறமும் வீசியடிக்கும். அடுப்பை அணைத்து, பாத்திரத்தை உலோக மூடியால் மூடி, ஆறும்வரை திறக்காமல் விடுவதே சரியான முறை. சிறுவர்கள் செய்யும்போது உருக்குதலையும் ஊற்றுதலையும் பெரியவர்களே செய்ய வேண்டும்.