குரங்குக்குச் செய்த கருவி, பேசாத பிள்ளைகளுக்கு வாய் கொடுத்தது!

சிம்பன்சி குரங்குக்குப் பேச்சுக் கற்றுக்கொடுப்பதற்காக ஒரு கருவி செய்தார்கள். அந்தக் கருவி, பிறந்ததிலிருந்து ஒரு வார்த்தை கூடப் பேசாத பிள்ளைகளைப் 'பேச' வைத்தது!

இது கட்டுக்கதை அல்ல. அமெரிக்காவில், ஜார்ஜியா மாநிலத்தின் அட்லாண்டா நகரில் நடந்த உண்மைச் சம்பவம். வாய் பேசாத குழந்தையை வீட்டில் வைத்துக்கொண்டு, "இது எப்போது அம்மா என்று கூப்பிடும்?" என்று ஏங்கும் ஒவ்வொரு தாயும் தகப்பனும் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி இதில் இருக்கிறது.

நான்கே வார்த்தை

வாலில்லாக் குரங்குகளில் பெரியவை சிம்பன்சி, போனபோ, கொரில்லா, உராங்குட்டான் ஆகியவை. இவற்றை மனிதக்குரங்குகள் என்கிறோம். நம் நாட்டில் அஸ்ஸாம் பக்கத்துக் காடுகளில் வாழும் ஹூலக் கிப்பன், இவற்றின் சிறிய உறவினம்.

மனிதக்குரங்குகளின் வாழ்க்கை பல விதத்தில் நம் வாழ்க்கையைப் போன்றது. சிம்பன்சிக் குட்டி நான்கைந்து வருடம் தாயின் பாலைக் குடிக்கிறது. அதற்குப் பிறகும் பல வருடம் தாயைச் சுற்றியே வளர்கிறது. குச்சியை ஒடித்து, இலையை உருவி, கறையான் புற்றுக்குள் விட்டு இழுத்துத் தின்னும் வித்தையைத் தாயைப் பார்த்துத்தான் படிக்கிறது. சிம்பன்சிகள் இப்படிக் கருவி செய்வதை 1960-ல் ஆப்பிரிக்காவின் கோம்பே காட்டில் ஜேன் குடால் கண்டு சொன்னபோது உலகமே வியந்தது.

இவ்வளவு அறிவுள்ள பிராணிக்குப் பேச்சு மட்டும் ஏன் வரக்கூடாது என்று விஞ்ஞானிகள் கேட்டார்கள்.

1940-களின் கடைசியில் கீத் ஹேஸ், கேத்தரின் ஹேஸ் என்ற தம்பதி, 'விக்கி' என்ற சிம்பன்சிக் குட்டியைச் சொந்தப் பிள்ளை போல வீட்டில் வளர்த்தார்கள். உதட்டைக் கையால் பிடித்துக் குவித்துக்கூடப் பேசப் பழக்கினார்கள். வருடக்கணக்கில் பாடுபட்டும் விக்கி சொன்னது நான்கே வார்த்தைகள்: மாமா, பாப்பா, கப், அப். அதுவும் முக்கி முனகித்தான்.

குரலை நினைத்தபடி ஆட்டி வைக்கும் திறன் சிம்பன்சிக்கு இல்லை என்பது தெளிவாயிற்று. அப்படியானால் குரல் இல்லாமலே மொழி கற்றுக்கொடுத்தால் என்ன?

1966-ல் கார்ட்னர் தம்பதி 'வாஷோ' என்ற சிம்பன்சிக்கு, காது கேளாதோர் பயன்படுத்தும் கை ஜாடை மொழியைப் பழக்கினார்கள். நான்கு வருடங்களில் அது சுமார் 130 ஜாடைகளைக் கற்றது. டேவிட் பிரிமாக் என்பவர் 'சாரா' என்ற சிம்பன்சிக்கு, பல வடிவப் பிளாஸ்டிக் வில்லைகளை வார்த்தைகளாக வைத்துப் பாடம் நடத்தினார்.

பட்டனைத் தட்டினால் ஆப்பிள்!

அடுத்து வந்தவர்தான் டுவேன் ரம்பாவ். அட்லாண்டாவில் அப்போது யெர்க்கீஸ் என்ற பெயரில் இருந்த குரங்கு ஆராய்ச்சி நிலையத்தில் 1970-களின் தொடக்கத்தில் அவர் ஒரு புதிய ஏற்பாட்டைச் செய்தார். கம்ப்யூட்டரைக் கொண்டு வந்தார்!

'லானா' என்ற பெண் சிம்பன்சி. 1970-ல் பிறந்தது. அதன் அறைச் சுவரில் பெரிய பட்டன் பலகை ஒன்றைப் பொருத்தினார்கள். ஒவ்வொரு பட்டனிலும் ஒரு சின்னம். கோடு, வட்டம், சாய்சதுரம் என ஒன்பது அடிப்படை வடிவங்களை ஒன்றின் மேல் ஒன்றாகச் சேர்த்து இந்தச் சின்னங்களைச் செய்திருந்தார்கள். உணவுக்குச் சிவப்புப் பின்னணி, செயலுக்கு நீலம். ஆப்பிளுக்கு உரிய சின்னம் ஆப்பிள் போல இருக்காது. 'ஆப்பிள்' என்ற சொல்லும் ஆப்பிள் போலவா இருக்கிறது? அதைப் போலத்தான் இதுவும். இந்தச் சின்ன மொழிக்கு 'யெர்கிஷ்' என்று பெயர் வைத்தார்கள். அதை வகுத்துக் கொடுத்தவர் எர்ன்ஸ்ட் வான் கிளாசர்ஸ்ஃபெல்ட் என்ற மொழி அறிஞர்.

லானா எது கேட்பதானாலும் 'தயவு செய்து' என்ற பட்டனில் தொடங்க வேண்டும். "தயவு செய்து – இயந்திரமே – கொடு – ஆப்பிள் – துண்டு" என்று வரிசை தவறாமல் தட்டி, முற்றுப்புள்ளி பட்டனையும் தட்டினால் ஆப்பிள் துண்டு வந்து விழும். வரிசை மாறினால் ஒன்றும் வராது. அதே பலகையில் கேட்டால் ஜன்னல் திறக்கும், பாட்டுக் கேட்கும், சினிமாவும் ஓடும்.

கம்ப்யூட்டர் இரவும் பகலும் விழித்திருந்து, லானா தட்டிய ஒவ்வொரு பட்டனையும் பதிவு செய்தது.

லானா சீக்கிரமே கெட்டிக்காரியாகி விட்டது. ஆராய்ச்சியாளர்கள் பாதி வாக்கியத்தைத் தட்டி நிறுத்தினால், சரியானதாக இருந்தால் மீதியைத் தானே முடித்தது. தவறானதாக இருந்தால் முற்றுப்புள்ளியைத் தட்டி அழித்துவிட்டது! ஆரஞ்சுப் பழத்துக்குப் பலகையில் பெயர் இல்லை. லானா என்ன செய்தது தெரியுமா? 'ஆரஞ்சு நிற ஆப்பிள்' என்று பொருள்படத் தட்டிக் கேட்டது.

பலகை கைமாறியது

இந்த ஆராய்ச்சி வெறும் குரங்கு வேடிக்கைக்காக நடந்தது அல்ல. பேச்சு வராத குழந்தைகளுக்கு இதனால் வழி பிறக்குமா என்ற கேள்வி ஆரம்பத்திலிருந்தே ரம்பாவ் குழுவினரின் மனதில் இருந்தது.

1970-களின் நடுவில், அட்லாண்டாவில் மூளை வளர்ச்சி குன்றியோருக்காக இருந்த விடுதி ஒன்றுக்கு இந்தச் சின்னப் பலகை போயிற்று. அங்கே இருந்தவர்களில் பலருக்குப் பேச்சு இல்லை. பேச்சுப் பயிற்சி கொடுத்துப் பார்த்துக் கைவிடப்பட்டவர்கள். 'இவர்களுக்கு மொழி வராது' என்று எழுதி வைக்கப்பட்டவர்கள்.

அவர்கள் சின்னங்களைக் கற்றார்கள்!

காரணம் எளியது. பேசுவதற்கு நாக்கும் உதடும் மூச்சும் ஒன்றாக ஒத்துழைக்க வேண்டும். கை ஜாடைக்கு விரல்கள் வளைந்து கொடுக்க வேண்டும். வேண்டிய ஜாடையை நினைவிலிருந்து எடுக்கவும் வேண்டும். பலகையிலோ எல்லாச் சின்னங்களும் கண் முன்னாலேயே இருக்கின்றன. தேடித் தொட்டால் போதும். இயந்திரம் நூறு முறை தவறினாலும் கோபப்படாது, சலித்துக்கொள்ளாது.

இதே சமயத்தில் சாராவின் பிளாஸ்டிக் வில்லை முறையும், வாஷோவின் கை ஜாடை முறையும் பேச்சு வராத குழந்தைகளிடம் பரிசோதிக்கப்பட்டன. பேசாத ஆட்டிசக் குழந்தை ஒன்று ஜாடை கற்ற விவரம் 1976-ல் வெளியாயிற்று. அந்த ஆராய்ச்சியில் பங்கு கொண்ட ரோஜர் ஃபவுட்ஸ், வாஷோவுடன் பழகியவர்தான்.

பாடம் நடத்தாமல் படித்த கான்சி

ஆனால் பெரிய திருப்பம் இனிமேல்தான் வந்தது.

அட்லாண்டாவிலேயே சூ சாவேஜ் ரம்பாவ் என்ற பெண் விஞ்ஞானி, 'மட்டாட்டா' என்ற போனபோ இனக் குரங்குக்குச் சின்னங்களைக் கற்பிக்க முயன்றார். மட்டாட்டாவுக்குப் பாடம் ஏறவில்லை. அதன் வளர்ப்புக் குட்டி கான்சி. 1980 அக்டோபரில் பிறந்தது. பாடம் நடக்கும் நேரத்தில் தாயின் தலையில் ஏறிக் குதித்து விளையாடிக் கொண்டிருக்கும். அதற்கு யாரும் ஒன்றும் கற்றுக்கொடுக்கவில்லை.

ஒரு சமயம் மட்டாட்டாவை இனப்பெருக்கத்துக்காக வேறு இடத்துக்கு அனுப்பினார்கள். தனித்து விடப்பட்ட கான்சி நேராகப் பலகைக்குப் போனது. சின்னங்களைத் தட்டித் தனக்கு வேண்டியதைக் கேட்டது! தாய்க்கு நடத்திய பாடம் அத்தனையும் குட்டியின் மனதில் ஏறியிருந்தது.

அதன் பிறகு கான்சிக்கு வகுப்பும் இல்லை. பரிசுத் தின்பண்டமும் இல்லை. காட்டில் உலாவும்போது, சமைக்கும்போது, விளையாடும்போது, கூட இருப்பவர்கள் வாயால் பேசிக்கொண்டே சின்னத்தையும் தொட்டுக் காட்டினார்கள். அது பார்த்துக் கேட்டுக் கற்றது. வீட்டுக் குழந்தை கற்பதும் இப்படித்தானே!

கான்சிக்கு 8 வயதானபோது 660 வாக்கியங்களை வாயால் சொல்லிச் சோதித்தார்கள். 'பைன் ஊசியிலையைக் குளிர்ப்பெட்டியில் வை' என்பது போன்ற, அதுவரை கேட்டிராத கட்டளைகள். கான்சி 72 சதவீதம் சரியாகச் செய்தது. அதே சோதனையில் 2 வயதுப் பெண் குழந்தை ஒன்று செய்தது 66 சதவீதம். இந்த முடிவு 1993-ல் வெளியாயிற்று.

குரங்குக்கு உண்மையிலேயே மொழி வருமா என்பதில் சச்சரவும் உண்டு. 'நிம்' என்ற சிம்பன்சிக்கு ஜாடை கற்பித்த ஹெர்பர்ட் டெரஸ், அது பெரும்பாலும் ஆசிரியரைப் பார்த்தே செய்கிறது, வாக்கியம் அமைக்கவில்லை என்று 1979-ல் எழுதினார். அந்த வாதம் முடிந்தபாடில்லை.

ஆனால் குழந்தைகளுக்குக் கிடைத்த லாபம் அந்த வாதத்தை நம்பி இல்லை.

13 பேர், 2 வருடம்

மேரி ஆன் ராம்ஸ்கி, ரோஸ் செவ்சிக் என்ற இரு பெண் ஆராய்ச்சியாளர்கள் இந்தப் பாடத்தைப் பிடித்துக்கொண்டார்கள். ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இவர்கள், 1980-களின் நடுவில், பத்து வார்த்தை கூடப் பேசாத 13 இளையோரைத் தேர்ந்தெடுத்தார்கள். எல்லோரும் பள்ளிக்குப் போகிறவர்கள். பெற்றோருடன் வீட்டில் வாழ்கிறவர்கள்.

அவர்களுக்குச் சின்னப் பலகையுடன் குரல் பெட்டியும் கொடுத்தார்கள். சின்னத்தைத் தொட்டால் பெட்டி அந்த வார்த்தையை உரக்கச் சொல்லும். 'சொல், சொல்' என்று யாரும் நெருக்கக் கூடாது. தாயும் தகப்பனும் ஆசிரியரும் பேசும்போது தாங்களும் சின்னத்தைத் தொட்டுப் பேச வேண்டும். சாப்பாட்டு மேஜையிலும் வகுப்பிலும் அதுதான் பழக்கம்.

இரண்டு வருடம் ஓடியது. 13 பேரும் சின்னங்களால் பேசினார்கள். கேட்டார்கள்; பதில் சொன்னார்கள்; பலர் இரண்டு சின்னங்களைச் சேர்த்துப் புதுப் பொருளும் சொன்னார்கள். அதிசயம் என்னவென்றால், சிலருடைய வாய்ப்பேச்சும் முன்னைவிடத் தெளிவாயிற்று! 1996-ல் இந்த விவரங்கள் புத்தகமாக வந்தன.

சோம்பேறி ஆகிவிடுமா?

'படத்தைக் காட்டிப் பழக்கினால் பிள்ளை வாயைத் திறக்கவே மாட்டான். சோம்பேறி ஆகிவிடுவான்.' இந்தப் பயம் பெற்றோருக்கு மட்டும் அல்ல, சில ஆசிரியர்களுக்கும் உண்டு. இதனாலேயே பல குழந்தைகளுக்குப் பலகை கிடைக்காமல் வருடங்கள் வீணாகின்றன.

இந்தப் பயத்துக்கு ஆதாரம் இல்லை. பல ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்து 2006-ல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. நம்பகமாகச் சோதிக்கப்பட்ட 27 பேரில் ஒருவருக்குக்கூடப் பேச்சு குறையவில்லை. 89 சதவீதம் பேருக்குப் பேச்சு கூடியது.

2010-ல் ராம்ஸ்கி குழுவினர், வளர்ச்சி தாமதப்பட்ட 62 சின்னஞ்சிறு குழந்தைகளிடம் சோதனை செய்தார்கள். சிலருக்கு வாய்ப்பேச்சுப் பயிற்சி மட்டும். மற்றவர்களுக்குக் குரல் கருவியுடன் பயிற்சி. கருவி பெற்ற குழந்தைகளே அதிக வார்த்தைகளைக் கற்றார்கள்.

குழந்தையைக் குரங்கோடு ஒப்பிடுவதா?

பெற்ற மனம் இப்படிக் கேட்பது நியாயம். ஆனால் யாரும் குழந்தையைக் குரங்கு என்று சொல்லவில்லை. குரங்கிடமிருந்து பாடம் கற்றவர்கள் ஆசிரியர்கள்தான்!

வாய் வழியாக வராதது கை வழியாக வரலாம். பேசவில்லை என்பதால் அறிவு இல்லை என்று ஆகாது. அதட்டிப் பழக்குவதைவிட, கூட இருந்து பேசுவதே நல்ல பள்ளிக்கூடம். இதுதான் அந்தப் பாடம். தவறு பிள்ளையிடம் இல்லை. கற்பித்த முறையில் இருந்தது.

நம் நாட்டில்

இன்று இந்தியாவிலும் இத்தகைய கருவிகள் உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த அஜித் நாராயணன், சென்னை வித்யாசாகர் நிறுவனத்துடன் சேர்ந்து 'ஆவாஸ்' என்ற குரல் கருவியை உருவாக்கினார். குரங்கு ஆராய்ச்சியிலிருந்து பிறந்தது அல்ல அது. ஆனால் படத்தைத் தொட்டால் குரல் வரும் அதே வழி. இப்போது அது கையடக்கக் கம்ப்யூட்டரில் ஓடும் செயலி. தமிழிலும் பேசும்.

மைசூரில் 1965-ல் தொடங்கிய அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிலையத்தில் பேச்சுப் பரிசோதனைக்கும் பயிற்சிக்கும் வசதி உண்டு. பம்பாய் பாந்திராவில் அலி யாவர் ஜங் நிலையம், செகந்திராபாத்தில் அறிவுத்திறன் குறைபாட்டுக்கான தேசிய நிலையம், சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிலையம் ஆகியவையும் மத்திய அரசின் அமைப்புகளே.

2016-ம் ஆண்டு ஊனமுற்றோர் உரிமைச் சட்டம், பேச்சுக்கு மாற்றான இத்தகைய முறைகளையும் 'தகவல் தொடர்பு' என்று ஏற்றுக்கொள்கிறது. 40 சதவீதத்துக்குக் குறையாத ஊனம் உள்ள பிள்ளைக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி பெற உரிமை உண்டு என்றும் சொல்கிறது.

கருவி வாங்க வசதி இல்லையா? ஓர் அட்டை போதும். தண்ணீர், சோறு, அம்மா, வலி, வெளியே, வேண்டாம் என்று ஆறு படம் ஒட்டுங்கள். 'வேண்டாம்' என்பதை மறக்காதீர்கள்; மறுக்கத் தெரிந்த பிள்ளைக்குத்தான் கேட்கவும் தைரியம் வரும். நீங்கள் தண்ணீர் குடிக்கும்போது, 'தண்ணீர்' என்று சொல்லி நீங்களே முதலில் படத்தைத் தொடுங்கள். பிள்ளை உடனே தொடாவிட்டால் கோபிக்க வேண்டாம். கான்சி வெகு நாள் சும்மா பார்த்துக்கொண்டுதான் இருந்தது. பேச்சுப் பயிற்சியாளரையும் ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது.

குரங்குகளுக்கு என்ன கிடைத்தது?

பாடம் கற்பித்த குரங்குகள் என்ன ஆயின? நிம், படிப்பு முடிந்து சில வருடங்களில் மருந்துப் பரிசோதனைக் கூடத்துக்கு விற்கப்பட்டது. எதிர்ப்புக் கிளம்பியதால் மீட்கப்பட்டு, டெக்சாஸ் மாநிலத்தில் ஒரு பண்ணையில் வாழ்ந்து 2000-ல் இறந்தது. வாஷோ 2007-லும், லானா 2016-லும், கான்சி 44-வது வயதில் 2025 மார்ச்சிலும் இறந்தன. சிம்பன்சிகளை மருத்துவச் சோதனைக்குப் பயன்படுத்த இனி உதவுவதில்லை என்று அமெரிக்க அரசின் சுகாதார ஆராய்ச்சி அமைப்பு 2015-ல் முடிவு செய்தது.

காட்டில் வாழும் இவற்றின் சொந்தங்கள் வேட்டையாலும் காடழிப்பாலும் குறைந்து வருகின்றன. போனபோ இனம் வாழ்வது உலகிலேயே ஒரே ஒரு நாட்டில், காங்கோ நதிக்குத் தெற்கே உள்ள காடுகளில்தான்.

லானா தட்டிய பட்டன்களால் எங்கோ ஒரு பிள்ளை தன் தாயிடம் முதன்முறையாகத் தண்ணீர் கேட்டது. அந்தக் கடன் மனிதன் கணக்கில் நிற்கிறது.