உடற்கூடம் – 11: தலைப்பில் ஓர் ஊர்ப்பெயர்

எம்.டி. அனாட்டமி மூன்று வருடப் படிப்பு. அதில் மாணவரை அதிகம் வாட்டுவது தீசிஸ்தான். தேர்வுக்குக் குறைந்தது ஆறு மாதம் முன்பே கொடுத்துவிட வேண்டும். திருத்துகிறவர்கள் ஏற்றுக்கொண்டால்தான் தேர்வெழுத விடுவார்கள். அதனால் சேர்ந்த சில மாதங்களிலேயே தலைப்பு, சினாப்ஸிஸ், எதிக்ஸ் கமிட்டி என்று ஓட்டம் தொடங்கிவிடும். அப்போது கைடுக்கு இருக்கும் முதல் வேலை, மாணவர் ஆசையாக எழுதிவரும் தலைப்பில் உண்மைக்கு மேல் போகும் சொற்களை எடுப்பது.

சின்னமனூரிலிருந்து வந்த ஒரு மாணவியின் தலைப்பு இது: 'கம்பம் பள்ளத்தாக்கு மக்களின் ஃபிபுலா எலும்பில் ஊட்டத் துளையின் இருப்பிடம்'. ஃபிபுலா என்பது முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் இருக்கும் ஒல்லி எலும்பு. உடம்பின் பாரத்தைப் பெரும்பாலும் பக்கத்திலிருக்கும் டிபியாவே தாங்கிக்கொள்வதால், ஃபிபுலாவின் நடுப்பகுதியை வெட்டியெடுத்தாலும் ஆள் நடக்கலாம்.

ஏன் இந்த எலும்பு என்று கேட்டேன். அவர் ஹவுஸ் சர்ஜனாக இருந்தது க.விலக்கில், தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில். விடியுமுன் ஜீப் ஏறி, போடிமெட்டு, கம்பம்மெட்டு வழியாக இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறவர்களில் பலர் புகையிலை அதக்குகிறவர்கள். அப்படிப்பட்டவர்கள் வாய்ப்புற்றோடு வந்து, கீழ்த்தாடையை எடுக்க வேண்டிய நிலையில் படுத்திருப்பதை அவர் பார்த்திருக்கிறார். எடுத்த தாடைக்குப் பதிலாக வைப்பது இந்த ஃபிபுலாவைத்தான். 1975-இல் ஆஸ்திரேலியாவின் இயன் டெய்லர் இதை ரத்தக்குழாயோடு எடுத்து வேறிடத்தில் பொருத்திக் காட்டினார். 1989-இல் அமெரிக்காவின் டேவிட் ஹிடால்கோ இதைக் கொண்டு தாடை அமைத்த முறையை வெளியிட்டார். கணுக்கால் ஆடாமலிருக்க, சர்ஜன்கள் அடிப்பக்கம் ஆறேழு சென்டிமீட்டராவது விட்டுவிட்டு நடுத்துண்டை எடுப்பார்கள். எலும்புக்குள் ரத்தம் நுழையும் வாசல் அந்தத் துண்டுக்குள் இருந்தால், புது இடத்தில் அது பிழைக்க நல்ல வாய்ப்பு. அந்த வாசல்தான் ஊட்டத் துளை.

இவ்வளவு தெளிவாகக் காரணம் சொல்லும் மாணவர்கள் அபூர்வம். பலருக்கு, சீனியர் செய்த தலைப்பில் எலும்பை மட்டும் மாற்றினால் போதும்.

அலமாரியைத் திறந்து ஓர் எலும்பை அவர் கையில் கொடுத்தேன். லென்ஸை வைத்துப் பின்பக்கத்தை மெதுவாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். தேய்மானத்தால் விழுந்த ஓட்டைகளும் இருக்கும், ஏமாந்துவிடக் கூடாது. உண்மையான துளைக்கு முன்னால் ரத்தக்குழாய் படிந்து கிடந்த மெல்லிய பள்ளம் தெரியும், வாயின் விளிம்பு சற்றே உயர்ந்திருக்கும். ஊசியை நுழைத்தால் அது கணுக்கால் பக்கம் சாய்ந்து இறங்கும். சில எலும்புகளில் இரண்டு துளைகள், சிலவற்றில் ஒன்றுகூட இல்லை. பிறகு பலகையில் வைத்து மொத்த நீளம், மேல் நுனியிலிருந்து துளை வரையுள்ள தூரம். எலும்பு 36 செ.மீ., துளை 17 செ.மீ. தூரத்தில் என்றால், நீளத்தில் நூற்றுக்கு எத்தனை என்று சொல்லும் குறியீடு 47, அதாவது கிட்டத்தட்ட நடுவில். அதே எலும்பைச் சில நாள் கழித்து, பழைய குறிப்பைப் பார்க்காமல் மறுபடி அளக்கச் சொல்வேன். இரண்டு அளவும் ஒத்துவராவிட்டால், மற்ற எலும்புகளில் எடுத்த அளவுகளையும் நம்ப முடியாது.

பிறகு கேட்டேன்: "ஏம்மா, இந்த எலும்பு கம்பத்துக்காரருடையதுன்னு எப்படித் தெரியும்?"

"டிபார்ட்மென்ட்ல இருக்கறது எல்லாம் நம்ம பக்கத்து ஆளுங்கதானே, சார்?"

நம்ம பக்கத்து ஆள் என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. 1951-ஆம் ஆண்டு தமிழ்நாடு அனாட்டமி சட்டத்தின்படி, உரிமை கோர ஆளில்லாத உடல்கள் கல்லூரிகளுக்கு வருகின்றன. அந்த உடல்களின் சொந்த ஊர் பலசமயம் யாருக்கும் தெரியாது. தானமாக வரும் உடலுக்குப் பதிவு உண்டு. ஆனால் எலும்பு சுத்தமாகி அலமாரிக்கு வரும்போது அந்தப் பதிவு கூடவே வருவதில்லை. பழைய எலும்புகளில் விலைக்கு வாங்கியவையும் கலந்திருக்கும். 1985-இல் இந்திய அரசு தடை செய்யும் வரை, கொல்கத்தாவை மையமாகக் கொண்டு எலும்பு வணிகம் உலகம் முழுக்க நடந்தது. மேலை நாட்டு மாணவர்கள் தலைமுறை தலைமுறையாகப் படித்தது நம் நாட்டு ஏழைகளின் எலும்புக்கூடுகளை வைத்துத்தான். அவர்களுக்குப் பேரும் இல்லை, ஊரும் இல்லை. என் வேதனை இதில்தான்: தெரியாத ஊரை நாமாக எழுதிவிட்டால், அந்த மனிதருக்கு இன்னொரு தடவை அநியாயம் செய்கிறோம்.

அதனால் 'கம்பம் பள்ளத்தாக்கு மக்களின்' போயிற்று. ஆணா பெண்ணா, வயதென்ன என்பதும் தெரியாது, அதையும் குறைபாடாக எழுதச் சொன்னேன். மிஞ்சியது: 'ஒரு மருத்துவக் கல்லூரியின் சேகரிப்பிலுள்ள, வளர்ந்தோரின் ஃபிபுலா எலும்புகளில் ஊட்டத் துளை'. அவர் முகம் வாடிவிட்டது.

ஊரைப் பற்றித்தான் எழுத வேண்டுமென்றால் வழி இருக்கிறது. அறுவைக்கு முன் காலின் ரத்தக்குழாய்களைப் பார்க்க சி.டி. ஆஞ்சியோகிராம் எடுப்பதுண்டு. சிலருக்குப் பாதத்துக்குப் போகும் மற்ற குழாய்கள் மெலிந்து, ஃபிபுலாவை ஒட்டிய குழாயே பாதத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்கும். அவர்களிடமிருந்து அந்த எலும்பை எடுத்தால் பாதத்துக்கே ஆபத்து. அத்தகைய படங்களில் நோயாளியின் ஊர் பதிவாகியிருக்கும். கமிட்டியின் அனுமதி வாங்கி, பெயரை நீக்கிப் பார்க்கலாம். அப்போதும் தலைப்பில் 'மக்களின்' என்று போட முடியாது, 'மருத்துவமனைக்கு வந்தவர்களின்' என்றே போட வேண்டும்.

இரண்டையும் யோசித்துவிட்டு வருகிறேன் என்று போனவர், ஒரு வாரம் கழித்து எலும்பைத்தான் தேர்ந்தெடுத்தார். ஆஞ்சியோகிராமைப் படிப்பு முடிந்து க.விலக்குக்கே திரும்பிப் போய்ச் செய்கிறேன் என்றார். சினாப்ஸிஸை எதிக்ஸ் கமிட்டிக்கு அனுப்பினோம். 'எலும்பை அளப்பதற்கு எதற்கு அனுமதி?' என்று அவர் கேட்டதற்கு, கமிட்டியில் இருந்த வக்கீல் சொன்ன பதிலை அடுத்த வாரம் எழுதுகிறேன்.

(தொடரும்)